சிவப்பென்றால் வெளியே வராதே

பழைய கருவியில் மென்மை சிவப்பு, கடினம் நீலம்.
அக்டோபரில் வந்த புதியதில் தலைகீழ்.
இரண்டும் ஒரே அறையில்,
ஒரு திரைச்சீலைக்கு இப்பாலும் அப்பாலும்.
செய்தவர்கள் ஒருவரை ஒருவர்
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறக்காமலிருக்க நானே ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன்:
இந்தத் தீவில் புயலுக்குச் சிவப்பு அறிவித்தால்
யாரும் வாசல் தாண்டக் கூடாது.
புதிய கருவியிலும் அப்படித்தான்.
கருப்பைக் கழுத்து சிவப்பாகத் தெரிந்தால்
கதவு சாத்தியிருக்கிறது,
உள்ளே இருப்பவர் உள்ளேயே.

அன்று சேன்-போலில் ஆரஞ்சு.
மழை தொடங்கவில்லை.
வண்டி நிறுத்துமிடத்துத் தென்னைகள் மட்டும்
முன்கூட்டியே பயந்துகொண்டிருந்தன.

கோப்பில் இருந்த பெயரை
வையாபுரி என்று கூப்பிட்டேன்.
யாரும் எழவில்லை.
வயபூரி என்று பிரெஞ்சுக்காரரைப் போல இழுத்ததும் வந்தாள்
மரி-அனீஸ்.
இருபத்து நான்கு வாரம்.
வீடு மஃபாத்தில், சாலை போகாத மலைக்குழியில்.
நடக்கலாம், அல்லது பறக்கலாம்.
இரண்டு மணிக்குக் கடைசி ஹெலிகாப்டர்,
அரிசி மூட்டைகளோடு அவளுக்கும் ஓர் இடம்.
"சீக்கிரம் முடியுமா? ஆடுகளைக் கட்டணும்."

முடியும். ஆனால் அவசரக் கை இதற்கு உதவாது.
தூங்குகிறவர் நெற்றியைத் தொடுவதுபோல
வைக்க வேண்டும் கருவியை.
அழுத்தினால் எதுவும் கடினமாகத்தான் காட்டும்.
(மனிதர்களுக்கும் இது பொருந்துமா தெரியாது.
கையேட்டில் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது.)

பிறகு ஒரு தள்ளல், காதுக்கு எட்டாத ஒலியால்.
சதைக்குள் ஓர் அலை குறுக்காக ஓடும்,
கெட்டியில் விரைந்து, இளக்கத்தில் தயங்கி.
அந்த வேகத்தைப் பார்த்துத்தான் நிறம் பூசுகிறது இயந்திரம்.
வல்லினமா மெல்லினமா இடையினமா,
காரைக்காலில் ஆறாம் வகுப்பில் ஒப்பித்தது
இங்கே கிலோபாஸ்கலில் வருகிறது.

மூச்சைப் பிடியுங்கள்.

நீலம்.
உள்வாய் முழுக்க நீலம்.

பயிற்சி மருத்துவன் ப்ரிஸ், லியோனிலிருந்து வந்து ஐந்து வாரம்,
கையுறையைக் கழற்றத் தொடங்கினான்.
"நீலம். கெட்டியாக இருக்கிறது. போகலாம்."
நானும், இதை எழுதித்தான் ஆக வேண்டும்,
ஒரு மூச்சுக்குத் தலையாட்டிவிட்டேன்.
அவள் செருப்பைத் தேடிக் கால் நீட்டினாள்.

திரையின் ஓரத்தில் ஒரு நிறப்பட்டை உண்டு,
சுண்டுவிரல் அகலம்.
கீழே நீலம், மேலே சிவப்பு,
வல்லினம் மேலே.
இது புதிய கருவி.

"பொறு" என்றேன். தமிழில்.
இரண்டு பேரும் நின்றார்கள்.

மறுபடி அளந்தேன். மறுபடியும். நீலம்.
நீளம் பத்தொன்பது மில்லிமீட்டர்.
ஓர் எண் தனியாக வந்தால் சந்தேகிக்கலாம்,
இரண்டு சேர்ந்து வந்தால்
உட்கார்ந்து கேட்க வேண்டும்.
இன்னும் பதினாறு வாரம் கழித்துக்
கனிய வேண்டியது
இப்போதே செங்காய்.

கிரியோலில் சொன்னேன்.
அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அழகாத்தானே இருக்கு. கடல் மாதிரி."
ஆமாம்.
"சிவப்பாக்க மருந்து இருக்கா?"
மருந்து ஒன்று இருக்கிறது.
எங்கள் கண்ணெதிரே ஒரு படுக்கை இருக்கிறது.
உறுதி மட்டும் இல்லை.

கணவனிடம் தொலைபேசியில்
ஆடுகளைப் பற்றி மட்டுமே பேசினாள், நெடுநேரம்,
ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி,
எதை எந்தக் கொட்டிலில் என்று.

இரண்டு மணிக்குக் கூரைக்கு மேலே
அரிசி போயிற்று.
நாலரைக்குத் தீவு சிவப்பு.
யாரும் வெளியே வராதீர்கள் என்றது வானொலி,
எல்லா அறைகளிலும், அவள் அறையிலும்.
யாரைச் சொல்கிறது என்பதுபோல
அவள் தன் வயிற்றைப் பார்த்தாள்.

ப்ரிஸ் காகிதம் கிழித்து
புதிய கருவியின் நெற்றியில் ஒட்டினான்:
கடினம் இங்கே சிவப்பு. சிவப்பு மையில்.
பழையதற்கும் ஒன்று:
கடினம் இங்கே நீலம்.
அதுவும் சிவப்பு மையில்தான்.
அவனிடம் வேறு பேனா இல்லை.